இப்போது அம்மாவின் முறை

ஜூன் 9

எங்கள் பழைய வீட்டில் இப்போது குடியிருப்பவருக்கு,

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. நல்லவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். கெட்டவராக இருந்தால் இந்த வரியோடு நிறுத்திவிடுங்கள். மேலே படிக்க வேண்டாம்.

போன மார்ச் மாதம் வரை அந்த வீட்டில் நாங்கள்தான் இருந்தோம். உங்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று சில விஷயங்கள் சொல்கிறேன். சமையலறை ஜன்னல் கொக்கியை லேசாகத் தூக்கித்தான் மாட்ட வேண்டும். குளியலறைக் குழாய் முதலில் இருமும், அப்புறம்தான் தண்ணீர் வரும். மாடியில் இருக்கும் அக்கா சர்க்கரை கேட்டு வந்தால் கொடுத்துவிடுங்கள். திருப்பித் தரமாட்டார், ஆனால் நல்லவர்.

இப்போது ஒரே ஒரு கேள்வி. சிரிக்காமல் பதில் எழுத வேண்டும்.

நீங்கள் சாத்திவைத்த அலமாரிக் கதவுகள், திரும்பி வந்து பார்க்கும்போது திறந்திருக்கின்றனவா?

அப்பாவுக்கு இந்தக் கடிதம் பற்றித் தெரியாது. தபால்காரர் வரும் நேரம் அவர் வேலையில் இருப்பார். அதனால் பயமில்லாமல் எழுதலாம்.

இப்படிக்கு,
கொசு
(இது பட்டப்பெயர்தான். காதருகே வந்து ஓயாமல் பேசுகிற பெண்ணாம் நான். அம்மா வைத்தது.)

•

ஜூன் 14

அன்புள்ள சிறுமிக்கு,

உன் கடிதத்தை உட்கார்ந்து ஒருமுறையும், எழுந்து நின்று ஒருமுறையும் படித்தேன். நான் நல்லவன்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கெட்டவன் இல்லை என்று நினைக்கிறேன். அதனால் மேலே படித்துவிட்டேன்.

நான் தனியாக வாழும் கிழவன். கட்டட வரைபடம் வரையும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு கோடு போட்டால் அது நேராக இருக்கிறதா என்று அளந்து பார்ப்பேன். அளந்தது சரிதானா என்று இன்னொரு தடவை அளப்பேன். வீட்டிலும் அப்படித்தான். அடுப்பு, குழாய், தாழ்ப்பாள், அலமாரி என்று வரிசையாகச் சரிபார்த்துவிட்டு வாசலுக்கு வருவேன். சரிபார்த்தோமா என்ற சந்தேகம் வந்து திரும்பவும் உள்ளே போவேன்.

அப்படிப்பட்டவன் வீட்டில் அலமாரி திறந்து கிடந்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பார். இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஆரம்பித்தது. சமையலறை அலமாரியைச் சாத்திவிட்டுக் கூடத்துக்குப் போய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தால், இரண்டு கதவும் விரியத் திறந்திருக்கும். எனக்கு மறதி வந்துவிட்டது என்று முடிவு செய்தேன். என் மகன் தொலைபேசியில், "என்னப்பா, குரலே சரியில்ல? மறதி ஏதும் இருக்கா? இங்க வந்துடுங்க, டாக்டர்கிட்ட காட்டலாம்" என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் வீடு அடுக்குமாடியில் மிக உயரத்தில் இருக்கிறது. கீழே பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். அதனால் அவனிடம் மூச்சு விடவில்லை.

ஒருநாள் இரண்டு கைப்பிடிகளையும் கயிற்றால் சேர்த்துக் கட்டினேன். நான் போடும் முடிச்சு எளிதில் அவிழாது. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது கதவுகள் திறந்திருந்தன. கயிறு தரையில் வளையமாகக் கிடந்தது. அறுபடவில்லை. முடிச்சு அப்படியே இருந்தது.

உன் கேள்வியைப் படித்ததும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு மறதி இல்லை! அந்த நிம்மதியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்ல வெட்கப்படவில்லை.

கண்ணைத் துடைத்த பிறகுதான் அடுத்த கேள்வி தோன்றியது. திறப்பது நான் இல்லை என்றால், யார்?

தயவுசெய்து உடனே எழுது. இப்போதெல்லாம் சமையலறைக்குள் நுழையும் முன் தொண்டையைக் கனைத்துக்கொண்டுதான் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வீட்டில் குடியிருப்பவன்

•

ஜூன் 18

அன்புள்ள தாத்தா,

தாத்தா என்று கூப்பிடலாம்தானே? உங்களுக்குப் பெயர் இருக்கும், ஆனால் நீங்கள் எழுதவில்லை.

அது அம்மா.

கத்தாதீர்கள். அம்மா யாரையும் ஒன்றும் செய்யமாட்டாள். கணக்கு டீச்சர். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளைக்கூட முறைக்க மட்டும்தான் செய்வாள்.

அம்மா எந்த அலமாரியையும் சாத்தமாட்டாள். அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவருக்குக் கதவு திறந்திருந்தாலே ஆகாது. "கதவு சாத்தலன்னா லிஃப்ட்டே நகராது, குடும்பம் எப்படி நகரும்?" என்பார். அம்மாவின் பின்னாலேயே போய் அப்பா ஒவ்வொன்றாகச் சாத்துவார். அம்மா சொல்வாள், "திரும்ப வரத்தானே போறேன், எதுக்குச் சாத்தணும்?"

ஜனவரியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் அலமாரியைத் திறந்துபோட்டுவிட்டுத்தான் போனாள். திரும்ப வரவில்லை.

மார்ச்சில் அப்பாவுக்கு இந்த ஊரில் வேலை கிடைத்தது. சாமான்களைக் கட்டினோம். லாரி வந்தது. கிளம்பும்போது சமையலறையை எட்டிப் பார்த்தேன். காலி அலமாரி திறந்திருந்தது. அப்பாதான் அதைக் கடைசியாகச் சாத்தியிருந்தார், நான் பார்த்தேன். "அப்பா, அலமாரி..." என்றேன். "வண்டில ஏறு" என்றார். அவ்வளவுதான்.

தாத்தா, நாங்கள் கிளம்பும்போது அம்மாவிடம் யாருமே சொல்லவில்லை. எங்கே போகிறோம் என்று அம்மாவுக்குத் தெரியாது. அவள் வந்து அலமாரியைத் திறந்து பார்த்தால் அங்கே உங்கள் டம்ளர்கள்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படுக்கையறையில் ஒரு மர அலமாரி இருந்தது. அதன் கதவு எப்போதும் திறந்தே கிடந்ததால் உள்பக்கத்தை நாங்கள் கரும்பலகை ஆக்கிவிட்டோம். அம்மா ஒரு பெரிய வகுத்தல் கணக்கு போட்டிருந்தாள். கதவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே எண். அதை ஏழால் வகுக்க வேண்டும். ஒரு படி நான், ஒரு படி அம்மா. நான் என் படியை முடித்து மீதியை எழுதிவிட்டேன். அடுத்த எண்ணைக் கீழே இறக்குவது அம்மாவின் முறை. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அந்த அலமாரியை அப்பா விற்றுவிட்டார். புது வீட்டு லிஃப்டில் நுழையாது என்றார். அவர் அளந்து பார்க்கவே இல்லை.

உங்களிடம் ஒரே உதவிதான் கேட்கிறேன். அம்மாவிடம் எங்கள் புது வீட்டுக்கு வழி சொல்லுங்கள். நன்றாகப் புரியும்படி சொல்லுங்கள். அம்மாவுக்குக் கணக்கு வரும், வழி வராது. எங்கள் விலாசத்தைப் போன தடவை போலவே உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கொசு

•

ஜூன் 25

அன்புள்ள கொசுவுக்கு,

உன் வேண்டுகோளை நிறைவேற்றிவிட்டேன் என்று நம்புகிறேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் எனக்குத் தைரியம் வரவில்லை. சில நாள் அதற்கே போயிற்று. பிறகு மதியச் சாப்பாட்டுக்குப் பின், நல்ல வெளிச்சத்தில், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனேன். உன் அம்மாவை நான் பார்த்ததில்லை. அறிமுகம் இல்லாத ஒரு பெண்மணியிடம் பேசும்போது சட்டை ஒழுங்காக இருக்க வேண்டும் அல்லவா?

அலமாரி திறந்துதான் இருந்தது. வணக்கம் சொன்னேன். நான் திருடன் இல்லை, வாடகைக்கு வந்தவன் என்று சொன்னேன். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். பிறகு வழி சொன்னேன்.

வரைபடம் வரைபவர்கள் வடக்கு, தெற்கு என்றுதான் பேசுவோம். அப்படிச் சொன்னால் அவர் குழம்பிவிடக்கூடும் என்று தோன்றியதால், எளிமையாக இடது, வலது என்றே சொன்னேன். "வாசலை விட்டு இறங்கினதும் இடது பக்கம். மருந்துக்கடை முனையில வலது. தண்ணீர்த் தொட்டிகிட்ட மறுபடி இடது. நேரா போனா ரயில் நிலையம். ரயில்ல ஏறி உட்கார்ந்தா போதும், கடைசி ஊர்தான்." இதையே திரும்ப ஒருமுறை சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து மாடி வீட்டு அம்மா சர்க்கரைக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"யார்கிட்ட சார் பேசிட்டிருக்கீங்க?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. "வழி கேட்டாங்கம்மா, சொல்லிட்டிருந்தேன்" என்றேன்.

"யாரு?"

"முன்னாடி இந்த வீட்டுல இருந்தவங்க."

சர்க்கரை வாங்காமலே போய்விட்டார். இன்றுவரை வரவில்லை.

நான் திரும்பியபோது அது நடந்தது. அலமாரிக் கதவுகள் மெல்ல அசைந்தன. காற்று இல்லை, ஜன்னல் கொக்கியை நீ சொன்னபடி தூக்கித்தான் மாட்டியிருந்தேன். இடப்பக்கக் கதவு முதலில் சாத்திக்கொண்டது. பிறகு வலப்பக்கக் கதவு. தூங்கும் குழந்தை எழுந்துவிடக் கூடாது என்று யாரோ சாத்தியது போல, சத்தமே இல்லாமல்.

நான் வாசற்படி வரை பின்வாங்கியது உண்மை. ஆனால் நீ எழுதியது ஞாபகத்துக்கு வந்தது. திரும்ப வரப்போகிறவர் சாத்தமாட்டார். அவர் சாத்திவிட்டுப் போனார் என்றால் உங்களிடம் வரக் கிளம்பிவிட்டார் என்றுதானே பொருள்?

அதன் பிறகு எந்தக் கதவும் திறக்கவில்லை. நான் சாத்தியது சாத்தியபடி இருக்கிறது. இதைத்தான் நான் விரும்பினேன். ஆனாலும் சமையலறைக்குள் நுழையும்போது பழக்கத்தில் தொண்டையைக் கனைக்கிறேன். யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறைக்கிறது.

இப்படிக்கு,
தாத்தா

•

ஜூலை 6

தாத்தாவுக்கு,

அம்மா வரவில்லை.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து வீட்டில் இருக்கிற எல்லா அலமாரியையும் நான் சாத்திவைக்கிறேன். திறந்தால் தெரிய வேண்டுமே. பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். எல்லாம் சாத்தியே இருக்கும். "பரவாயில்லையே, கதவு சாத்தக் கத்துக்கிட்டியே" என்று அப்பா பாராட்டினார். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

நேற்று உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். அப்போதுதான் பார்த்தேன். இடது, வலது என்று சொன்னீர்களா? அம்மாவிடமா?

அம்மாவுக்கு இடது என்றால் வலது. வலது என்றால் இடது. குழம்பமாட்டாள் தாத்தா, உறுதியாகத் தப்பாகச் சொல்வாள். ஒருநாளும் மாறாது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து "லெஃப்ட்ல திரும்புங்க" என்றால் அப்பா கேள்வியே கேட்காமல் வலதில் திருப்புவார். சரியாகப் போய்ச் சேருவோம். "என் பொண்டாட்டி மேப்ப கண்ணாடியில பாக்குறா" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

வாசலை விட்டு இறங்கின உடனேயே அம்மா தப்பான பக்கம் போயிருப்பாள். மருந்துக்கடையையே பார்த்திருக்கமாட்டாள். இப்போது எங்கே நிற்கிறாளோ. யாரிடமும் வழி கேட்கவும் முடியாது. கேட்டால் ஓடிப்போவார்கள்.

அந்த வீட்டிலாவது இருந்தாள். இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இப்போது அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. பேசாமல் இருந்திருக்கலாம் நான். உங்களிடம் சொல்லியிருக்கவே கூடாது.

எனக்கு இனிமேல் எழுதாதீர்கள்.

கொசு

•

ஜூலை 13

அன்புள்ள கொசுவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். எழுதுகிறேன், மன்னித்துக்கொள். படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

உன் கடிதம் வந்ததும் கண்ணாடியைக்கூடப் போடாமல் வாசலுக்குப் போனேன். தெருவின் வலப்பக்கம் பார்த்து, "அம்மா, திரும்பி வந்துடுங்க, தப்பா சொல்லிட்டேன்" என்று கூப்பிட்டேன். என்னால் சத்தமாகக் கூப்பிட முடியாது. வாழ்நாளில் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எதிர்வீட்டு நாய் மட்டும் வந்தது.

வடக்கு, தெற்கு என்றே சொல்லித் தொலைத்திருக்கலாம். அதிகமாக யோசித்ததால் வந்த வினை.

ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. "உறுதியாகத் தப்பாகச் சொல்வாள், ஒருநாளும் மாறாது" என்று எழுதியிருக்கிறாய். கொசு, என் தொழிலில், கால் போன போக்கில் போய்த் தொலைந்தவரைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒரே மாதிரியாகத் தவறுபவரைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்கிறேன்.

நான் மருந்துக்கடையைத் தாண்டி வெகுநாள் ஆகிறது. வலப்பக்கம் போனதே இல்லை. போய்விட்டு எழுதுகிறேன்.

தாத்தா

•

ஜூலை 24

அன்புள்ள கொசுவுக்கு,

நீ இதைப் படிக்கிறாயா என்று தெரியவில்லை. படிப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர் வரைபடத்தை மேசையில் விரித்தேன். அதன் மேல் ட்ரேசிங் தாளை வைத்தேன். அடியில் இருப்பது தெரியும்படியான மெல்லிய தாள் அது. வீட்டு வாசலிலிருந்து ரயில் நிலையம் வரை நான் சொன்ன வழியைப் பென்சிலால் வரைந்தேன். பிறகு அந்தத் தாளைத் தலைகீழாக அல்ல, புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவது போல மறுபக்கம் திருப்பினேன். உன் அப்பா சொன்ன அதே கண்ணாடிதான். இடதெல்லாம் வலதாயிற்று. வலதெல்லாம் இடதாயிற்று. வாசலை வாசலோடு பொருத்தி வைத்துக் கோடு எங்கே போய் முடிகிறது என்று பார்த்தேன்.

கோடு போகிற இடமெல்லாம் தெரு இருக்கவில்லை. அங்கங்கே பக்கத்துத் திருப்பத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதனால் சற்று முன்பின் இருக்கலாம்.

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மழை இல்லை. கையில் ஏதாவது இருந்தால் தைரியமாக இருக்கும். வாசலிலிருந்து வலது, சைக்கிள் கடை முனையில் இடது, மூடிக் கிடக்கும் சினிமாக் கொட்டகையில் வலது. அதற்கு மேல் சந்து குறுகிக்கொண்டே போய் ஒரு தகரக் கொட்டகையில் முடிந்துவிட்டது.

பழைய மரச்சாமான் கடை.

உள்ளே எங்கே பார்த்தாலும் அலமாரிகள். மரம், இரும்பு, கண்ணாடி பதித்தது, கால் உடைந்தது. ஒன்று விடாமல் எல்லாமே வாயைத் திறந்துகொண்டு நின்றன. குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கடைக்கார அம்மா விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உள்ள வாங்க சார். கதவப் பாத்துப் பயப்படாதீங்க" என்றார்.

"எப்போலேர்ந்து இப்படி இருக்கு?"

"போன மாசக் கடைசிலேர்ந்து. நான் சாத்துறேன், அது திறக்குது. சாத்திச் சாத்தித் தோள்பட்டை போச்சு. வாங்க வர்றவங்க பாதி பேர் செருப்ப விட்டுட்டு ஓடுறாங்க. அந்தா, அங்க கிடக்கு பாருங்க."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"ஆளே வராத கடை சார் இது. பேயாவது வந்து போகட்டுமேன்னு விட்டுட்டேன்."

நான் ஒவ்வொரு அலமாரியாகப் பார்த்துக்கொண்டு உள்ளே போனேன். கடைசி மூலையில், ஒரு கட்டிலின் பின்னால் அது இருந்தது. கதவின் உள்பக்கம் சாக்பீஸில் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே எண். ஏழால் வகுத்திருந்தது. கீழே சற்றுக் கோணலான கையெழுத்தில் ஒரு மீதி. அது உன்னுடையதாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

கொசு, உன் அம்மா வழி தவறித்தான் அங்கே போனாரா, அல்லது தன் முறை பாக்கி இருக்கிறது என்று தேடிக்கொண்டு போனாரா, எனக்குத் தெரியாது. கணக்குப்படி என் கோடு அந்தக் கடையில்தான் முடிகிறது. ஆனால் கோடு சொல்வதெல்லாம் உண்மை என்று இப்போது என்னால் சாதிக்க முடியவில்லை.

நான் வணக்கம் சொன்னேன். "நான்தாங்க, உங்க வீட்டுல வாடகைக்கு இருக்கறவன். தப்பா வழி சொல்லிட்டேன், மன்னிக்கணும். கொசு உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கா" என்றேன். அந்தக் கதவு என் பக்கமாகக் கொஞ்சம் அசைந்தது. "இந்த அலமாரியை லாரியில அனுப்பறேன். நீங்களும் இதுல ஏறிக்குங்க. இடது, வலது எதுவும் நீங்க பாக்க வேண்டாம். டிரைவருக்கு வழி தெரியும்" என்றேன்.

அப்போது கடை வாசலில் இருந்த முதல் அலமாரி சாத்திக்கொண்டது. பிறகு அதற்கு அடுத்தது. பிறகு அதற்கு அடுத்தது. வரிசையாக, எங்களை நோக்கி, ஒவ்வொரு கதவாக. கடைக்கார அம்மா விசிறியைக் கீழே போட்டுவிட்டார். கடைசியில் எல்லாம் சாத்திய பிறகு, என் முன்னால் இருந்த கதவு மட்டும் சற்று நேரம் திறந்தே நின்றது. தயங்குவது போல இருந்தது. எனக்குத் தயக்கம் நன்றாகத் தெரியும். நான் அவசரப்படுத்தவில்லை.

அதுவும் சாத்திக்கொண்டது.

"என்ன வேல சார் பாத்தீங்க நீங்க?" என்று கடைக்கார அம்மா கேட்டார்.

"வரைபடம் வரைவேன்."

"நான் மந்திரவாதின்னுல்ல நெனச்சேன்! சும்மா எடுத்துட்டுப் போங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சும்மா வாங்க எனக்கு மனம் வரவில்லை. என் சொந்த அலமாரியைத் தருகிறேன் என்றேன். "பூட்டு இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். இரண்டு பூட்டு என்றேன். "அப்ப சரி" என்றார். என் சட்டைகள் இப்போது நாற்காலியில் கிடக்கின்றன.

அந்த அலமாரியைப் பகுதி பகுதியாகக் கழற்றலாம். எந்தத் திருகாணி எங்கே போகும் என்று வரைந்து லாரிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். கணக்கின் மேல் ட்ரேசிங் தாள் ஒட்டியிருக்கிறேன், அழியாது. உன் அப்பாவிடம் என்ன சொல்வாயோ, அதை உன்னிடமே விட்டுவிடுகிறேன். எதற்கும் லிஃப்டை ஒருமுறை அளக்கச் சொல்.

தாத்தா

•

ஆகஸ்ட் 5

அன்புள்ள தாத்தா,

படித்தேன். எல்லாவற்றையும் படித்தேன். நான் கோபமாக எழுதிய கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

அலமாரி வந்துவிட்டது. அப்பா வீட்டில் இருக்கும்போதே வந்தது. லாரியில் பலகைகளைப் பார்த்ததும் அவருக்கு அது எது என்று தெரிந்துவிட்டது. "யாரு அனுப்பினது?" என்று என்னைக் கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. உங்கள் வரைபடத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "வேல தெரிஞ்ச மனுஷன்" என்று மட்டும் சொன்னார்.

பலகைகளை லிஃப்டில் ஏற்றினோம். எல்லாம் நுழைந்தது. நாங்கள் இரண்டு பேரும் நிற்கவும் இடம் இருந்தது. "நுழையாதுன்னு சொன்னீங்களேப்பா?" என்றேன். அவர் மேலே ஏறும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவை மாட்டினார். தாளைப் பிரித்தார். அம்மாவின் ஏழு அப்படியே இருந்தது, நடுவில் குறுக்குக்கோடு போட்டு எழுதுவாள். அப்பா அதைத் தொடப் போய்க் கையை எடுத்துக்கொண்டார். பிறகு கதவைச் சாத்தினார்.

அது சாத்தியேதான் இருக்கிறது தாத்தா. வந்ததிலிருந்து ஒருமுறைகூடத் திறக்கவில்லை. வழியில் எங்காவது இறங்கிவிட்டாளா? லாரி ஒரு இடத்தில் டீ குடிக்க நின்றதாம்.

காத்திருக்கிறேன். சட்டைகளை நாற்காலியில் போடாதீர்கள், கசங்கும்.

கொசு

•

ஆகஸ்ட் 17

தாத்தா! தாத்தா!

இதை வேகமாக எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்க்காதீர்கள்.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அப்பா எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது.

"எத்தனை வாட்டி சொல்றது உனக்கு? எடுத்தா சாத்திட்டுப் போகக் கூடாதா?"

என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "நான் இப்பதானேப்பா வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அலமாரி விரியத் திறந்திருந்தது. அப்பா கதவில் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைச் சொல்லவில்லை தாத்தா. பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. அவர் முகத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"நீங்களாப்பா திறந்தீங்க?"

தலையை ஆட்டினார். இல்லை என்று.

நான் கதவின் உள்பக்கம் பார்த்தேன். என் மீதிக்குப் பக்கத்தில் அடுத்த எண் இறங்கியிருந்தது. புதுச் சாக்பீஸ். எண் ஏழு. நடுவில் குறுக்குக்கோடு.

வீட்டில் சாக்பீஸே இல்லை தாத்தா. அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். கிரீஸ் மட்டும்தான் இருந்தது.

அப்பா கதவைச் சாத்தவில்லை. அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். நானும் உட்கார்ந்தேன். "இப்ப யார் முறை?" என்று கேட்டார். "என்னுது" என்றேன். "போடலையா?" என்றார். "மெதுவா போடறேன்ப்பா" என்றேன்.

அது ரொம்ப நீளமான எண். அவசரமே இல்லை.

அப்பா உங்களை வரச் சொல்கிறார். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே. வழியை நானே சொல்கிறேன், இடது வலது இல்லாமல். ரயிலை விட்டு இறங்கி, மணிக்கூண்டு தெரிகிற பக்கம் நடங்கள். ரொட்டி வாசனை வந்ததும் திரும்புங்கள். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நன்றாக வேலை செய்யும், அப்பா பார்த்துக்கொள்கிறார். நாங்கள் உயரத்தில் இருந்தாலும் ஜன்னல் பக்கம் உங்களை உட்காரவைக்கமாட்டேன்.

உங்கள்,
கொசு

•

ஆகஸ்ட் 23

அன்புள்ள கொசுவுக்கு,

இதை ரயில் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கேயே தபால்பெட்டி இருக்கிறது. கடிதத்துக்கு முன்னால் நானே வந்து சேர்ந்துவிடுவேன் போலிருக்கிறது. பரவாயில்லை, நான் திரும்பிப் போன பிறகு படித்துக்கொள். நேரில் இதையெல்லாம் சொல்ல எனக்கு வராது.

உன் அம்மா போன பிறகு இந்த வீடு மிக ஒழுங்காக இருந்தது. வைத்தது வைத்த இடத்தில், சாத்தியது சாத்தியபடி. நான் கனைத்தால் யாருக்கும் கேட்காது. ஒழுங்கைத்தான் எப்போதும் விரும்பினேன், அதனால் யாரிடமும் குறை சொல்லவும் முடியவில்லை.

காலையில் மாடி வீட்டு அம்மாவிடம் சாவியைக் கொடுத்தேன். கிண்ணம் நிறையச் சர்க்கரையும் கொடுத்தேன். "எங்க சார் கிளம்பிட்டீங்க, மகன் வீட்டுக்கா?" என்றார். "இல்லம்மா, முன்னாடி இங்க இருந்தவங்க கூப்பிட்டிருக்காங்க" என்றேன். மறுபடி ஓடத்தான் பார்த்தார். "உயிரோட இருக்கறவங்கதாம்மா" என்று பின்னாலிருந்து சொன்னேன். நின்று சிரித்துவிட்டார்.

தெருமுனைக்கு வந்த பிறகு வழக்கம் போல அந்தச் சந்தேகம் வந்தது. அடுப்பை அணைத்தேன். குழாயை மூடினேன். கொக்கியைத் தூக்கி மாட்டினேன். சமையலறை அலமாரியைச் சாத்தினேனா என்றுதான் நினைவில்லை. டம்ளரை எடுத்தது தெரிகிறது. அதற்குப் பிறகு தெரியவில்லை. ஒரு காலை எடுத்துத் திரும்பியும் விட்டேன்.

பிறகு நடையைக் கட்டினேன். திறந்துதான் கிடக்கட்டுமே. திரும்ப வரத்தானே போகிறேன்.

ரயில் வருகிறது.

தாத்தா